ராஜாவின் வலது கண்

மூடினது நீதான், வேறு யாரும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஓசியில் கொடுத்த காபியைக் குடித்து, முழுசாகத் திறந்திருந்த இரண்டு கண்ணையும் படத்தில் பென்சிலால் இழுத்து மூடிவிட்டு, கீழே கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். பேர் என்னவென்று வாசிக்கக்கூட முடியவில்லை. வாசிக்க முடிந்திருந்தால் இந்நேரம் உன் வீட்டு வாசலில் நின்றிருப்பாள் ஒச்சம்மாள். அவள் வந்து நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, மதுரையில் பழைய சாக்கு வாங்கி விற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இப்போது அவள் நிற்கவில்லை. தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே போகிற சந்தில், சிக்கந்தர் பாயின் பிரேம் கடையில், ஒரு கால் குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். படத்தைச் சட்டம் போடக் கொடுத்தாயிற்று. "அரை மணி நேரம் உக்காருங்கம்மா, கையோட வாங்கிட்டுப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டு பாய் தட்டிக்குப் பின்னால் போய்விட்டார். மணி மூன்று. சந்துக்குள் வெயில் பாதி வரைதான் வந்திருந்தது. உள்ளே ரம்பம் கட்டையை அறுக்கிற சத்தம், மரத்தூள் வாசம், பசை வாசம். ஸ்டூல் அவள் பக்கம் சாயும்போதெல்லாம் அவள் வலது காலை ஊன்றினாள், ஊன்றும்போதெல்லாம் உன்னை ஒரு வார்த்தை ஏசினாள், வாய்க்குள்தான். படத்தில் இருப்பது அவள் புருஷன், ராஜபார்ட் சிவனாண்டி. சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே உயிர் போன ராஜா. கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, கை ஒன்று தொங்குகிறது, மடியில் மகனுடைய பிணம். அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தொங்குகிற கையில் ஓடுகிற நரம்புகூட அவர் நரம்பேதான், மோதிர விரலில் இருக்கிற பழைய வெட்டுத் தழும்பைக்கூட நீ விடவில்லை. கண்தான். கண்ணுக்காகத்தானே அந்த ஆளைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் வந்தது, அதைப் போய் மூடினாயே.

அந்த நாடகத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. ஒரு ராஜா, கோள் சொன்னவன் பேச்சை நம்பித் தன் ஒரே மகனை வெட்டச் சொல்லிவிடுகிறான். மகன் பேரில் குற்றமில்லை என்று பிணம் வந்த பிறகு தெரிகிறது. மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான், அப்படியே போய்விடுகிறான். கண் மூடாது. மகனைச் சரியாகப் பார்க்காத பாவத்துக்கு அந்தக் கண் மூடக்கூடாது என்பது கதை. அதற்கு மேல் ராணி வந்து ஏழு சரணம் அழுகிறாள். ஏழு சரணமும் ராஜா கண்ணைத் திறந்தபடி இருக்க வேண்டும். மற்ற ராஜபார்ட்டுகள் தலையைக் குனிந்து சமாளிப்பார்கள், கிரீடத்தை இறக்கி நிழலில் ஒளிந்துகொள்வார்கள். சிவனாண்டி முகத்தை நிமிர்த்தியே வைத்திருப்பார். விளக்கு நேராக முகத்தில் அடிக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்தவன் தன் கண்ணில் தண்ணீர் வந்து துடைத்துக்கொள்வான், அவர் கண்ணில் அசைவிருக்காது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு, ராணி வேஷக்காரிக்கும் ஒச்சம்மாளுக்கும் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு சரணம் முடிகிறபோதும் ராணி அவர் மேல் குறுக்காக விழுந்து அழுவாள், அந்த இமைப்பொழுதில் இமையை ஒரே ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். நடுவில் இருக்கிற நேரம் முழுக்க அவர் சொந்தச் சம்பாத்தியம். ஒச்சம்மாள் அதை முதன்முதலில் பார்த்தபோது வயசு பத்தொன்பது. அரிசி ஆலையில் சாக்கு உதறி மடிக்கிற வேலை, தலையெல்லாம் உமி, அப்படியே வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு நாலாவது சரணத்தில் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஆள் நடிக்கவில்லை, நிஜமாகவே போய்விட்டான், இத்தனை பேரும் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். திரை விழுந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே ஒரு கிழவர், அவருடைய சித்தப்பா, சிம்மாசனத்துக்கு முன்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாடகம் போடுகிறவர்களிடம் அப்படி ஒரு பழக்கம். மேடையில் செத்தவனைச் சும்மா எழுந்து போக விடமாட்டார்கள். வீட்டு ஆள் ஒருவர் வந்து, வேஷத்துப் பேரை இல்லை, அவனுடைய சொந்தப் பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரத்துக்கு அவன் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கண்ணை மூடுவது, சோடா குடிப்பது, அரிதாரம் கலைப்பது எல்லாம். கிழவருக்கு இருமல், இரண்டாவது தரத்தோடு குரல் அடைத்துவிட்டது. மூன்றாவதை யார் சொன்னது என்று பார்த்தால் வாசலில் உமித்தலையோடு நின்ற இவள். நோட்டீஸில் பார்த்த பேர். சிவனாண்டி 'இருக்கேன்' என்றார், இவளைப் பார்த்துத்தான் சொன்னார், அதோடு முடிந்தது கதை, மறு வருஷம் கல்யாணம். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவள் ஆட்களிடம் கிடையாது. இருபத்தாறு வருஷமாக அவள் அந்தப் பேரைச் சொல்கிற இடம் அது ஒன்றுதான், திரைக்குப் பின்னால், மூன்று தரம், மற்ற நேரமெல்லாம் 'இந்தாங்க'தான்.

உள்ளே கண்ணாடி வெட்டுகிற கீச்சென்ற சத்தம் வந்தது. ஒச்சம்மாளுக்குப் பல் கூசியது. எந்தச் சத்தத்துக்கும் பயப்படாதவள், சாக்குக் குடோனில் எலி ஓடினால் பிடித்து வெளியே எறிகிறவள், இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். போன் வரவில்லை. வராதது நல்லதுதான், வந்தால்தான் பயப்பட வேண்டும், இருந்தாலும் எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மடியில் செருகினாள். போனைத் தொட்டதுமே, நீ படம் வரைந்த அன்றைக்கு வந்த போன் நினைப்பில் வந்துவிட்டது. தினமும் வருகிறது அது. அன்றைக்கு நாடகம் விடிய விடிய நடக்கிற நாடகம் இல்லை, ஏதோ கலை விழா, சாயங்காலம் ஆறுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு, குளிர்சாதன ஹால், சிவப்பு நாற்காலி. நீ இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். கட்டம் போட்ட சட்டை, மடியில் பலகை, காதில் ஒரு பென்சில் கையில் ஒரு பென்சில். நீ உள்ளே போக ஒச்சம்மாள் காலை மடக்கி வழிவிட்டாள், அது நினைவிருக்கிறதா. அவளுக்கு நினைவிருக்கிறது. அந்தக் காலை நீட்டியே வைத்திருந்திருக்கலாம். ராணி இரண்டாவது சரணத்தை முடித்து அவர் மேல் விழுந்தபோது மடியில் போன் நடுங்கியது. குடோன் காவல்காரன். "அக்கா, லோடு வந்துருக்கு, சாக்கு ஈரமா இருக்கு, இறக்கவா வேணாமா?" உள்ளே இருந்து பேச முடியாது, பக்கத்தில் இருந்தவன் முறைத்தான், அவள் எழுந்து வெளியே வந்தாள். ஈரச் சாக்கு என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு கட்டு ஈரம் உள்ளே போனால் நாலு நாளில் மொத்தக் குடோனும் நாறும், பூஞ்சை பிடித்து நூல் விட்டுப்போகும். அவள் ஒன்றுமில்லாமல் இருந்து ஒரு கட்டு, பத்துக் கட்டு, ஒரு குடோன் என்று வந்தவள், கையால் தொட்டே எந்த ஆலைச் சாக்கு என்று சொல்கிறவள், அவளிடமே ஈரத்தைத் தள்ளப் பார்க்கிறான் ஒருவன். "லாரிக்காரன்கிட்டப் போனைக் குடு" என்றாள். கொடுத்தான். "யப்பா, அந்தச் சாக்கு ஒண்ணு உள்ள போச்சு, மிச்சத்தை உன் தலையில சுத்தி விட்டுருவேன். எந்தத் தண்ணியில முக்குனியோ அந்தத் தண்ணிக்கே கொண்டு போ." அவன் பதில் சொன்னான், இவள் அதற்குப் பதில் சொன்னாள். ஹால் வாசலில் ஒரு வாட்ச்மேன் இவள் பேசுகிறதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். லாரி திரும்பிப் போகிறது என்று காவல்காரன் சொன்ன பிறகுதான் வைத்தாள். ஜெயித்துவிட்டாள். ஜெயித்துவிட்டு உள்ளே திரும்பினால் கைதட்டல். ஏழு சரணமும் முடிந்து திரையும் விழுந்துவிட்டது. மேடைப் படியில் சால்வை போடுகிற கூட்டம், ஒரு பெரிய மனுஷன் குறுக்கே நின்று பேசிக்கொண்டிருந்தான், அவனைத் தாண்டி அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் பாதி அரிதாரத்தைக் கலைத்துவிட்டு சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மத்தளக்காரர் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். வேனில் வரும்போது கேட்டார். "ஒச்சு, கூப்பிட்டியா நீ?" "கூப்பிட்டேன், உங்களுக்குத்தான் காதுல விழலை." அவர் காதை ஒரு தரம் தேய்த்துவிட்டுக்கொண்டார். அப்புறம், "ஆமா, இன்னைக்கு ரொம்ப உள்ள போயிட்டேன் போல" என்றார். சாக்கு வியாபாரத்தில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறாள், ஒன்றுகூட மறுநாள் வரை நின்றதில்லை. இது அஞ்சு மாசமாக நிற்கிறது.

மறுநாளே இடது இமை கனக்கிறது என்றார். பவுடர் உள்ளே போயிருக்கும் என்று பன்னீர் விட்டார்கள். ஒரு வாரம் பன்னீர், ஒரு வாரம் நந்தியாவட்டைப் பூ, அப்புறம் யாரோ சொன்ன சொட்டு மருந்து. இமை ஒரு நாள் ஏறும், இரண்டு நாள் இறங்கும். மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் போனது. இமையைத் தூக்குகிற நரம்பைச் சர்க்கரை தொட்டிருக்கிறது என்றார் டாக்டர், சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "எந்த நாள்லேருந்து இப்படி? நாளைச் சரியா சொல்ல முடியுமா?" இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "முதல்லயே வந்திருக்கலாம்மா. சில பேருக்கு மூணு மாசத்துல தானா தூக்கிரும். பார்ப்போம்." அந்த 'பார்ப்போம்' இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இமை பாதியில் நிற்கிறது. அதையாவது தாங்கிக்கொண்டிருப்பார், வலது கண் கல் மாதிரி இருக்கிறது, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே மேடை ஏறுவேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் வாரப் பத்திரிகையில் உன் படம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க. யாரோ பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இடது இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "ரெண்டுமே மூடிருச்சா, ஒச்சு?" அவருக்குத் தெரியாது. அந்த ஏழு சரணமும் அவருக்கு எப்போதுமே தெரியாது, ராணி மேலே விழுகிற கனத்துக்கு இமை தானாகத் தட்டிக்கொள்ளும், மற்றபடி நான் எங்கே இருக்கேன்னே தெரியாது என்பார். "அவன் பொய்யா வரைஞ்சிருக்கான்" என்றாள். "மெனக்கெட்டு உக்காந்து வரையிறவனுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போவுது? நீ பார்த்தீல்ல, நீ சொல்லு. திறந்திருந்துச்சா?" பார்த்தேன், திறந்துதான் இருந்தது என்று சொன்னாள். அவள் சொன்ன வேகத்தை அவர் பார்த்தார், முப்பத்தோரு வருஷம் முகத்தை வைத்துப் பிழைத்தவரிடம் முகத்தை மறைக்க முடியுமா. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். ரெண்டும் மூடின ராஜாவை யார் பார்க்க வருவா என்று ஒரு தரம் சொன்னார். சங்கத்துச் செயலாளர் தவமணி வந்து, அடுத்த மாசம் திருவிழா நாடகத்துக்கு வாடிப்பட்டிப் பையனை ராஜபார்ட்டுக்குப் போட்டிருப்பதாகவும், பத்திரிகையில் வந்த அண்ணன் படத்தைச் சங்கத்தில் மாட்டிக் கௌரவம் பண்ணப் போவதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். நடிகர் சங்கக் கட்டடத்தில் இரண்டு சுவர் உண்டு. கிழக்குச் சுவரில் உயிரோடு இருக்கிறவர்கள். மேற்குச் சுவரில் மாலையும் விளக்கும். "எந்தச் சொவத்துல?" என்று ஒச்சம்மாள் கேட்டாள். "அது என்னக்கா, எடம் எங்க இருக்கோ அங்க" என்றார் தவமணி, தரையைப் பார்த்துக்கொண்டு. மாட்டட்டும், சொவத்துல இருந்துக்கிறேன் என்று உள்ளே இருந்து குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாட்டுகிறார்கள். படம் கிடைத்ததுகூட இவள் பத்திரிகை ஆபீசுக்குப் போய்ப் போட்ட சத்தத்தில்தான். வரைந்தவர் வெளியாள், தபாலில்தான் அனுப்புவார், விலாசம் தருகிற வழக்கமில்லை என்று அவர்கள் நெளிந்தார்கள், அட்டையில் ஒட்டியிருந்த அசல் படத்தை மேசை டிராயரில் இருந்து எடுத்துக் கொடுத்து அவளை அனுப்பி வைத்தார்கள். உன் விலாசம் கேட்டுப் போனவள் உன் படத்தோடு வந்தாள். அவள் செய்ததிலேயே மட்டமான பேரம் அது.

"ஆயிருச்சும்மா" என்று பாய் சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தேக்கு நிறத்தில் நல்ல கட்டை, மூலை நான்கும் சேர்ந்திருந்தது, மூலையில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள், இடைவெளி இல்லை. குறை சொல்ல முடியாத வேலை என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தாள். மேலே இரண்டு பித்தளைக் கொக்கி, மாலை போடுவதற்கு. கீழே நடுவில், அவர் காலடியில், சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. கண்ணாடி மேல் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வேறு வைத்திருந்தார். ஒச்சம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள், ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. "என்ன பாய் இது?" "சீரோ வாட்டும்மா, கரண்டு இழுக்காது. ராத்திரி பகலா எரியட்டும், ஒண்ணும் ஆவாது. குங்குமம் உங்க ஆளுகளுக்கு வைக்கிறது வழக்கமாச்சேன்னு..." "உங்கள யாரு பல்பு வைக்கச் சொன்னா?" "சொல்லணுமாம்மா? கண்ணு மூடியிருந்துச்சு. ஒங்க மொகத்தையும் பார்த்தேன். இதப் போய் வாயத் தொறந்து கேட்டா நல்லாவா இருக்கும், நாங்க கேக்குறதில்ல, பார்த்தே செஞ்சுருவோம். யாரு, அண்ணனா?" "எங்க வீட்டுக்காரரு." "அல்லா. எப்பம்மா?" "எப்பவும் இல்ல. வீட்டுல உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டு இருக்காரு." பாய் கையில் இருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டத்தை மெதுவாக மேசை மேல் குப்புற வைத்தார். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர். வருகிறவர்கள் நிற்கிற விதத்திலேயே கல்யாணப் படமா கருமாதிப் படமா என்று கண்டுபிடித்துவிடுவார், தப்பினதே இல்லை என்று போன வாரம்கூட யாரிடமோ சொல்லியிருந்தாராம், அதையும் சொன்னார். "நீங்க எங்கடைக்கு வந்து நின்ன நிலை இருக்கே, அதப் பார்த்து எவனா இருந்தாலும் பல்பு வச்சிருப்பாம்மா." அவள் வாய் நிறைய வைத்திருந்தாள் வசவு. அது வரவில்லை. எப்படி நின்றேன் நான், புருஷனை உயிரோடு வீட்டில் வைத்துவிட்டு எப்படி வந்து நின்றேன் என்று அதிலேயே மாட்டிக்கொண்டது புத்தி. நெற்றியில் குங்குமம் வைத்த ராஜா, காலடியில் பல்பு எரிகிற ராஜா, ஞாயிற்றுக்கிழமை மேற்குச் சுவர், கூப்பிட ஆளில்லாமல். "கழட்டுங்க" என்றாள். "எல்லாத்தையும் கழட்டுங்க." "கழட்டிர்றேன், கோவப்படாதீங்க. கொக்கிய எடுத்துரலாம். பல்புக்கு வயர் போக அட்டையில ஓட்டை போட்டுட்டேனே, அட்டைய மாத்தித்தான் தரணும். என் தப்பு, நானே மாத்தித் தர்றேன்." அவர் அவள் முன்னாலேயே ஆணிகளைப் பிடுங்கினார், கண்ணாடியை எடுத்தார், மெல்லிய கத்தியை விட்டு அட்டையிலிருந்து படத்தின் நாலு மூலையையும் பிரித்தார். அந்தக் கை நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிரித்துத் திருப்பி வைத்தவர் குனிந்து பார்த்தார். "பின்னால என்னமோ எழுதியிருக்கேம்மா."

பென்சில் எழுத்து, முன்னால் கோழி கிளறின நீ பின்னால் முத்து முத்தாக எழுதியிருந்தாய். ஒச்சம்மாள் மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டுவாள், ஆனால் இப்போது எழுத்து ஓடியது, பிடிபடவில்லை. "வாசிங்க பாய்." பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, கடைக்கு வெளியே வெளிச்சத்தில் பிடித்து, தபால் வாசிக்கிறவர் மாதிரி ஒரே குரலில் வாசித்தார். "ராஜா இறந்த பின். ராணி பாட்டு, ஏழு சரணம். மூன்றாவது சரணத்தில் இடது கண் தானாக இறங்கிவிட்டது. வலது கண் கடைசி வரை திறந்தே இருந்தது. இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் திறந்திருந்தால் அச்சில் ராஜா கண்ணடிப்பது போல் இருக்கும். இரண்டையும் மூடிவிட்டேன்." வாசித்து முடித்துவிட்டு, "அவ்வளவுதாம்மா" என்றார். "இன்னொரு தரம் வாசிங்க." வாசித்தார். மூன்றாவது சரணம். காலை மடக்கி எழுந்து, நாற்காலிகளைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், லாரிக்காரன்கிட்டப் போனைக் குடு என்று சொன்ன நேரம் அது. அவள் முதுகைத் திருப்பியதும் இமை இறங்கியிருக்கிறது. அந்த ஹாலில் அத்தனை பேர் இருந்தும் ஒரு ஆள் பார்த்திருக்கிறான், கட்டம் போட்ட சட்டை, ஓசிக் காபி. டாக்டர் கேட்ட நாள் இதோ பென்சிலில் இருக்கிறது, அஞ்சு மாசமாக ஓர் அட்டையோடு ஒட்டிக்கிடந்திருக்கிறது. அவள் பார்த்திருந்தால் மறுநாளே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள், பன்னீர் விட்டுக்கொண்டு இருந்திருக்க மாட்டாள். அதை நினைக்க நினைக்க நெஞ்சு ஓரிடத்தில் வந்து வந்து இடித்தது, செக்கு மாடு போல அந்த ஹால் வாசலையே சுற்றியது, சிரித்துக்கொண்டு நின்ற வாட்ச்மேன், திரும்பிப் போன லாரி, கைதட்டல். அதைத் தாண்டி வர வெகு நேரம் ஆனது. தாண்டி வந்தபோதுதான் அடுத்த வரி நின்றுகொண்டிருந்தது. வலது கண் கடைசி வரை. ஒரு பக்கம் நரம்பு விட்டுப்போய் இமை விழுந்திருக்கிறது, அந்த ஆளுக்கு அது தெரியவே இல்லை, மற்றக் கண்ணை ஏழாவது சரணம் வரை தூக்கிப் பிடித்திருக்கிறார். ரெண்டுமே மூடிருச்சா ஒச்சு. இல்லையே. மூடவில்லையே. "நியாயம்தானேம்மா" என்றார் பாய், படத்தைத் திருப்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒத்தக் கண்ணோட போட்டா சனம் சிரிச்சிருக்கும்." "சிரிக்கட்டும்" என்றாள். "சிரிச்சா என்ன பாய்? செத்தும் கண்ணடிக்கிறான்டான்னு சொல்லட்டும். செத்துட்டான்னு சொல்றதுக்கு அது தேவலையா இல்லையா?" பாய் யோசித்தார். "தேவலைதான்" என்றார்.

புது அட்டையை வெட்டி ஒட்டிக் கண்ணாடியைத் தூக்கினவரின் கையைப் பிடித்தாள். கண்ணாடி வேண்டாம் பாய், சட்டம் மட்டும் போடுங்க, உள்ளே ஒரு வேலை பாக்கி இருக்கு. தூசி படியும்மா என்றார், படியட்டும் என்றாள். அவர் மேசையில் ஒரு பென்சில் கிடந்தது, தச்சுப் பென்சில், தட்டையானது. அதை எடுத்தாள். வலது இமைக்கு நேராக ஒரு விரக்கடை தூரத்தில் பிடித்தாள். சாக்கு தைக்கிற கை, கோணி ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற கை, அங்கேயே நின்றுவிட்டது. இது தைத்துப் பிரிக்கிற காரியம் இல்லை, ஒரு கோடு தப்பினால் அந்தக் கண்ணும் போச்சு. பென்சிலை வைத்துவிட்டாள். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தில் இறங்கியபோது வெயில் கடை வாசலைத் தாண்டியிருந்தது. தெற்கு மாசி வீதி வரைக்கும் உன்னிடம் பேசிக்கொண்டே நடந்தாள், எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சரி, கேட்டுக்கொள். மத்தியானம் கடைக்கு வரும்போது இரண்டு கண்ணையும் கேட்டேன். இப்போது இறங்கி வருகிறேன், யாரிடமும் இப்படி இறங்கி வந்ததில்லை, கேட்டுப்பார். இடது கண் உன் பேரில் இல்லை. அது தானாக விழுந்தது, விழுந்தபோது பார்க்க வேண்டிய ஆள் வெளியே ஈரச் சாக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டியவளும் அவள்தான், கூப்பிட்டேன் என்று பொய் சொன்னவளும் அவள்தான். இன்றைக்குப் போனதும் நீ எழுதினதை அவருக்கு அப்படியே சொல்லிக் காட்டுவேன், அந்தப் பொய்யையும் எடுத்து முன்னால் வைப்பேன், அப்புறம் எதிரே நின்று மூன்று தரம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், தெருவுக்கே கேட்கும்படி. அவர் 'இருக்கேன்' என்று சொல்கிற வரை கூப்பிடுவேன், மூன்றோடு நிறுத்தப் போவதில்லை. அது என் பாடு. வலது கண் உன் பாடு. திறந்திருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய், தெரிந்தே மூடியிருக்கிறாய், நாலு பேர் சிரிப்பார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நடிகர் சங்கக் கட்டடம், கிழக்குச் சுவர். கண்ணாடி போடாமல் கொண்டுவருகிறேன். இரண்டு பென்சில் வைத்திருந்தாயே, ஒன்றை எடுத்துக்கொண்டு வா. ஒரே ஒரு கண்தான் கேட்கிறேன், இதற்குக் கீழே இறங்க மாட்டேன். வந்து அதைத் திறந்துவிட்டுப் போ.